துண்டால் நாற்காலியைத் தட்டும் கிழவன்

என் கொலைகாரியால் ஒரு ஆளைக் கொல்ல முடியவில்லை. கைப்பேசியில் நான் எழுதும் தொடர்கதையின் நாயகி அவள். கூலிக்குக் கொல்பவள். ஊர் ஊராகப் பலரைத் தீர்த்துவிட்டு, தன்னை இந்த வாழ்க்கையில் தள்ளிய கிழவனைத் தேடி மேட்டுப்பாளையத்துப் பாக்கு மண்டிக்கு வந்து நிற்கிறாள். துப்பாக்கியும் கையில்தான் இருக்கிறது. அதற்கு மேல் எனக்கு ஒரு வரி ஓடவில்லை. அடுப்படிக்கும் பால்கனிக்கும் நடையாய் நடந்தேன். வாசகர்கள் வேறு, ‘சீக்கிரம் போட்டுத் தள்ளுங்க மேடம்’ என்று உயிரை வாங்கினார்கள்.

கிழவனை நான் கற்பனை செய்யவில்லை. என் பெரியப்பாதான். அப்பா இறந்தபின் என்னை வளர்த்தவர். கல்லூரியைப் பாதியில் நிறுத்திக் கட்டிக்கொடுத்தவரும் அவரே. கட்டியவன் அடித்து மணிக்கட்டு வீங்கியபோது தாராபுரத்தில் அவர் வீட்டுக்குத்தான் ஓடினேன். காபி கொடுத்தார். பிறகு பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போய், ஜன்னலோரச் சீட்டாகப் பார்த்து உட்காரவைத்து, அவனிடமே திருப்பி அனுப்பினார். நானாக அந்த வீட்டை விட்டு வெளியேறப் பல வருடம் பிடித்தது. ஏன் அனுப்பினீர்கள் என்று ஒருமுறை முகத்துக்கு நேரே கேட்டுவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். விசேஷங்களில் பார்த்தால் மட்டும், “நல்லா இருக்கறனுங்க” என்று நழுவிவிடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவரே சரவணம்பட்டியில் என் வீட்டுக்கு வந்துவிட்டார். பேத்தி கல்யாணத்துக்கு அழைப்பு. நாற்காலியைத் தோள் துண்டால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு உட்கார்ந்தார். என் கதையில் கிழவன் அப்படித்தான் உட்காருவான்.

“உன்ற கதைய கல்யாணப் புள்ளதான் வாராவாரம் எனக்குப் படிச்சுக் காட்டுது கண்ணு,” என்றார். “அந்த ஆளு நாந்தான்னு தெரிஞ்சுபோச்சு. அவ எப்பக் கொல்லுவா?”

எனக்குப் பயமில்லை, கோபம்.

“கொல்றதுக்கு முன்னால ஒண்ணு கேப்பாளுங்க பெரியப்பா. வீங்குன கையப் பாத்துப்போட்டும் எதுக்குங்க பஸ் ஏத்தி உட்டீங்கன்னு.”

துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

“ஊருக்குள்ள தலைகாட்ட முடியாதுன்னு பயந்துபோட்டேன். உன்ற கைய விட அதுதான் பெருசாத் தெரிஞ்சுது.”

மன்னிப்புக் கேட்கவில்லை. நல்லவேளை, கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன். பத்திரிகையை வைத்துவிட்டு, “வாரேன் கண்ணு,” என்று எழுந்தார். அவர் லிஃப்டில் இறங்கிய பிறகுதான், ஒரு சொம்புத் தண்ணீர்கூட நான் கொடுக்கவில்லை என்பது உறைத்தது. எங்கள் பக்கம் பகையாளி வந்தாலும் முதலில் தண்ணீரைத்தான் நீட்டுவோம்.

உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினேன். அவள் கேட்டாள், கிழவன் சொன்னான். அவர் சொன்ன வார்த்தைகளையே போட்டேன், ஒன்றையும் மாற்றவில்லை. அவள் அவனைச் சுடாமல் திரும்பிப் போனாள். வாசகர்கள் என்னைத் திட்டித் தீர்த்தார்கள். திட்டட்டும். அந்தப் பதிலைக் கல்யாணப் பெண் அவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும், அவர் எதிரே உட்கார்ந்து கேட்க வேண்டும்.