இடைவேளை இல்லாத நாடகம்

எழுபத்தெட்டு வயது அப்பாவைக் கிணத்துக்கடவிலிருந்து கோவைக்கு நாடகம் பார்க்க அழைத்து வந்திருந்தேன். இரண்டு நாளில் மூன்று நாடகங்கள். அவர் அடிக்கடி சிறுநீர் கழிக்கப் போக வேண்டும். அதனால் ஒவ்வொரு நாடகமும் எவ்வளவு நேரம், இடைவேளை உண்டா, கழிப்பறை எந்தப் பக்கம் என்று விசாரித்து ஒரு தாளில் எழுதி, காலையிலேயே அவரிடம் படித்தும் காட்டினேன். முதல் நாள் மாலை நாடகம் நூறு நிமிடம், இடைவேளை கிடையாது.

அரங்க வாசலில் வரிசையில் நின்றபோது அப்பா என் தோளைப் பிடித்தார். உதடு வெடித்திருந்தது. கை நடுங்கியது.

“ஏனுங்கப்பா, மயக்கமா வருதுங்களா?”

“ஒண்ணுமில்ல கண்ணு. காலையிலிருந்து தண்ணி குடிக்கல. நீதான நூறு நிமிசம்னு படிச்ச?”

மதியம் அவர் டம்ளரைத் தள்ளி வைத்ததைப் பார்த்தேன். தாகமில்லை என்று நினைத்துவிட்டேன்.

படியில் உட்கார வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுத்தேன். உள்ளே முதல் மணி அடித்தது. டாக்டரிடம் போகலாம் என்றேன்.

“நாடகம் பாக்கக் கூட்டியாந்துபோட்டு ஆஸ்பத்திரியக் காட்டறயா அம்மணி?”

அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. நடுக்கம் நின்ற பிறகு, வாசலில் டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணிடம் நடுவில் எழுந்து போய்வர அனுமதி கேட்டேன். கதவை ஒட்டி இரண்டு நாற்காலிகள் போட்டுத் தந்தாள்.

நாடகம் தொடங்கிச் சற்று நேரத்தில் அப்பா தண்ணீர் கேட்டார். பாட்டிலைக் காலி செய்தார். பத்து நிமிடத்தில் எழுந்தார். நானும் எழுந்தேன்.