பதினைந்து நொடியில் பிரித்த படம்

அக்காவுக்கு ஒரு போட்டோ வேண்டியிருந்தது. கையில் பிடித்துப் பார்க்கிற மாதிரி. பெருமுக்கல் பக்கமிருந்து வந்த சம்பந்தத்தில் மாப்பிள்ளையின் அம்மா அப்படித்தான் சொல்லியனுப்பியிருந்தார்: “போன்ல எல்லாப் பொண்ணும் வெள்ளையாத்தான் வருது. பேப்பர்ல குடுங்க.”

பேப்பரில் ஏற்கெனவே ஒன்று இருந்தது. திண்டிவனத்தில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. அதிலும் அக்காவை வெளுப்பாக்கித்தான் வைத்திருந்தார்கள். அதை நம்பி முன்பு வந்தவர்கள், உப்பளத்து வெயிலில் வருஷக்கணக்காக வெந்த முகத்தை நேரில் பார்த்ததும் கேசரியைக்கூடத் தொடாமல் எழுந்து போனார்கள். அதோடு அந்தப் போட்டோவை இனி யாருக்கும் கொடுக்கக் கூடாது என்றுவிட்டாள் அக்கா.

“உன் பட்டறை கேமரால எடுத்தா இருக்கிற மாதிரியே வரும், யாரும் கை வைக்க முடியாதுன்னியே. அதுல எடுடா,” என்றாள்.

சொன்னவன் நான்தான். எங்கள் வீட்டில் படித்து முடித்த முதல் ஆள் நான். அக்கா அஞ்சாவதோடு அம்மாவுடன் உப்பு வாரப் போய்விட்டாள். நான் காலேஜ் முடித்து, இடையஞ்சாவடியில் ஒரு போட்டோ பட்டறையில் உதவியாளாக இருக்கிறேன். அங்கே ஒரு பழைய கேமரா உண்டு. எடுத்த உடனே படம் தருவது. பிலிமை வெளியே இழுத்தால் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு வரும், நடுவில் மருந்து. இரண்டு நிமிஷம் பொறுத்துப் பிரித்தால் ஒரு தாளில் போட்டோ முழுசாக இருக்கும். காலாவதியான பிலிம் பெட்டியிலிருந்து எனக்கென்று கொடுத்ததில் ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. அந்த பிலிம் இப்போது கடையில் கிடைப்பதில்லை.

அதே பிலிமில் இன்னொரு வேலையும் செய்யலாம். பதினைந்து நொடியிலேயே பிரித்து, சாயம் இருக்கிற தாளை ஈரமான கெட்டிக் காகிதத்தில் கவிழ்த்து உருளையால் அழுத்தினால், படம் காகிதத்தில் இறங்கிவிடும். ஓரமெல்லாம் கலைந்து ஓவியம் மாதிரி இருக்கும். ஆனால் போட்டோ வராது. ஒன்று இது, இல்லை அது. அந்த மாதக் கடைசியில் பட்டறைச் சுவரில் உதவியாட்கள் எங்கள் படங்களை மாட்டுவதாக இருந்தார்கள். மாட்டுகிற மாதிரி என்னிடம் ஒன்றும் இல்லை.

கடைசி நேரத்தில் மனசு மாறிப்போச்சு என்று எனக்கு நானே பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். ஆனால் அன்று காலை உப்பளத்துக்குக் கிளம்பும்போதே, கேன் தண்ணீரில் நனைத்த காகிதத்தை பிளாஸ்டிக் கவரில் சுற்றிப் பையில் வைத்திருந்தேன். உருளையையும்தான்.

அக்கா பாத்தியிலிருந்து வரப்பேறி வந்தாள். தலைத்துணியை அவிழ்த்தாள். சேலைமேல் போட்டிருந்த சட்டையைக் கழற்றினாள்.

“என்னாடி, இன்னிக்கு ஷூட்டிங்கா?” என்று பக்கத்துப் பாத்தியிலிருந்து கூட வேலை செய்கிறவள் கத்தினாள்.

“ஆமா. பின்னாடி ஆடறதுக்கு ஆள் இல்லயாம், நீ வா!”

அந்தச் சிரிப்பு முழுசாக அடங்குவதற்குள் எடுத்தேன்.

“எவ்ளோ நேரம்டா ஆவும்?”

“ரெண்டு நிமிஷம்க்கா.”

கொட்டகைக்குள் போய், அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பிலிமை இழுத்து எண்ணினேன். பதினைந்தில் பிரித்தேன்.

வெளியே வந்து, “பழைய பிலிம்க்கா, புட்டுக்கிச்சு,” என்றேன். படம் ஏறாமல் வெளிறிப் போன இன்னொரு தாளைச் சாட்சிக்குக் காட்டினேன்.

“உடு. நீ என்னா பண்ணுவ,” என்று சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டாள். போனில் எடுத்துப் பிரிண்ட் போடலாம் என்றேன். “அதையும் அந்தம்மா நம்பாது,” என்றாள்.

அப்பா வேறு வழியில்லாமல் அந்த ஸ்டூடியோ போட்டோவையே கொடுத்தனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா போட்டோவை அக்கா முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து, “இது உங்க பொண்ணுதானா?” என்று கேட்டார். இந்தத் தடவை கேசரியைச் சாப்பிட்டார்கள். போன பிறகு ஒரு தகவலும் இல்லை.

பட்டறைச் சுவரில் என் காகிதம் தொங்கியது. சாயம் இறங்கியபோது அக்காவின் நிறத்தில் பாதி இறங்கவில்லை, வெளுத்துத்தான் தெரிந்தாள். ஸ்டூடியோக்காரன் செய்ததைத்தான் நானும் செய்திருந்தேன். ஆனால் என்னுடையதை எல்லோரும் பாராட்டினார்கள். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த ஒரு பெண்மணி அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். தனக்குக் கிடைக்குமா என்றார். பெருமையில் அப்போதே கழற்றிக் கொடுத்துவிட்டேன்.

அக்காவிடம் உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நின்றது.

“அப்போ, பொறுத்திருந்தா நல்லா வந்திருக்குமா?”

“வந்திருக்கும்க்கா.”

“நான் இருக்கிற மாதிரியே?”

“ம்.”

“அந்தக் காகிதத்தையாவது காட்டு.”

“குடுத்துட்டேன்க்கா. வெளிநாட்டுக்குத் திரும்பிப் போயிட்ட ஒருத்தவங்களுக்கு.”

முறத்தில் கிடந்த ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள். பிறகு, “அவங்க என்னா சொன்னாங்க?” என்றாள்.

“அழகா இருக்குன்னாங்க.”

“நேர்ல பாக்காதவங்களுக்கு என்னா,” என்று மறுபடி புடைக்க ஆரம்பித்தாள்.

அப்பாவிடம் அவள் சொல்லவில்லை. அடுத்து ஒரு இடத்திலிருந்து போட்டோ கேட்டபோது, “போட்டோல்லாம் கெடையாது, உப்பளத்துக்கே வந்து பாக்கச் சொல்லுங்க,” என்றுவிட்டாள். அவர்கள் வரவில்லை.

அந்தப் பெண்மணியின் முகவரியைப் பட்டறையில் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். காகிதத்தைத் திருப்பித் தரும்படி கேட்க வேண்டும். ஏன் என்று அவர் கேட்டால், அக்காவிடம் சொன்னதையெல்லாம் அவரிடமும் சொல்ல வேண்டும். இன்னும் எழுதவில்லை.