மலை இறக்கத்தில் அணைந்த விளக்கு

எங்கள் வீட்டில் இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அப்போது எனக்கு எட்டு வயது. தாராவியில் எங்கள் வீட்டுக்கு வரும் கரண்ட் பில், மருந்துச் சீட்டு எல்லாம் முதலில் என் கைக்குத்தான் வரும். பாதி புரியாது. ஆனாலும் தெரியாது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அந்தத் திமிர் ஒருநாள் ஐந்து பேரை மலையிலிருந்து உருட்டிவிடப் பார்த்தது.

அப்பா செம்பூரில் ஒரு முதலாளியிடம் டிரைவர். புனேயில் சொந்தக்காரர் வீட்டு நிச்சயதார்த்தம் என்றதும் முதலாளி தன் ஆட்டோமேட்டிக் காரையே கொடுத்தனுப்பினார். முன்னால் அம்மா மடியில் நான். பின்னால் அத்தையும் மாமாவும். மாமா தோல் பட்டறை வைத்திருந்தார். கார் ஓட்டத் தெரியாதவர்களுக்கே உரிய தைரியத்தோடு வழிநெடுக யோசனை சொல்லிக்கொண்டு வந்தார். கிளச் இல்லாததெல்லாம் ஒரு வண்டியா என்றார். அக்கா புருஷனுக்குப் பதில் பேசுவது மரியாதையில்லை என்று அப்பா ரோட்டையே பார்த்து ஓட்டினார்.

திரும்பும்போது மலை இறக்கம் தொடங்கியதும், அப்பா கியர் லீவரின் பக்கவாட்டில் ஒரு பொத்தானை அமுக்கினார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் மஞ்சள் விளக்கு எரிந்தது. மாமா எட்டிப் பார்த்தார்.

"ஏட்டி, அதுல என்ன எழுதிருக்கு, வாசி."

"ஓ.டி. ஆஃப்" என்றேன்.

"ஆஃப்னா பந்த், நின்னு போச்சுன்னு அர்த்தம். மாப்ள, வண்டியில என்னமோ பந்த் ஆயிருக்குல்லா."

இறக்கத்தில் அது அப்படித்தான் எரிய வேண்டும் என்றார் அப்பா. மாமா விடவில்லை. படிக்கத் தெரியாமல் இவ்வளவு பெரிய வண்டியை எடுத்தால் இப்படித்தான் என்று அத்தையிடம் சொல்லிச் சிரித்தார். அப்பாவின் காது சிவந்துவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. அவர் பக்கத்து லாரியைப் பார்த்த நேரத்தில் கையை நீட்டி அந்தப் பொத்தானை அமுக்கினேன். விளக்கு அணைந்தது. அப்பாவின் மானத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று உட்கார்ந்திருந்தேன்.

ஓ.டி. என்கிற ஓவர்டிரைவை நிறுத்தினால் வண்டி கடைசி கியருக்குப் போகாது, இறக்கத்தில் இஞ்சினே அதைப் பிடித்து வைக்கும், விளக்கு அதைத்தான் சொல்கிறது என்பதெல்லாம் நானே கார் ஓட்டக் கற்றபோதுதான் தெரிந்தது. அன்று தெரிந்தது, வண்டி திடீரென்று லேசாகி ஓடியது மட்டும்தான். அப்பா வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்தார். கருகும் வாடை வந்தது. பிறகு எவ்வளவு மிதித்தும் வேகம் குறையவில்லை. அம்மாவின் கை என் வயிற்றை இறுக்கியது. அப்பாவின் உதடு நடுங்கியதைப் பார்த்தேன். பெரியவர்களும் பயப்படுவார்கள் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அவர் லீவரைக் கீழே இழுத்தார். இஞ்சின் அலறியது. வண்டி குலுங்கி, வேகம் குறைந்து, ஹேண்ட்பிரேக் போட்டதும் தடுப்புச் சுவரை ஒட்டி நின்றது. முன்சக்கரங்களிலிருந்து புகை வந்தது.

எல்லோரும் இறங்கினோம். அத்தை ரோட்டோரமே உட்கார்ந்து அழுதாள். அப்பா உள்ளே குனிந்து, விளக்கு எரியாததைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அடி பட்டிருக்கிறதா என்று பார்க்கிறார் என நினைத்தேன். என்னதான் ஆயிற்று என்று மாமா கத்தினார்.

"எங் கைதான் அத்தான். கை பட்டு பொத்தான் அமுங்கிட்டு. கவனிக்கல" என்றார் அப்பா.

அதன்பின் எந்த விசேஷ வீட்டிலும் மாமா இந்தக் கதையைச் சொல்லாமல் பந்தியில் உட்கார்ந்ததில்லை. முதலாளி வண்டியில் ஒரு கீறல் விழவிடாத அப்பா, சொந்தபந்தத்தில் தூங்குமூஞ்சி டிரைவர் ஆனார். அத்தை அவர் ஓட்டும் வண்டியில் ஏறுவதையே விட்டுவிட்டாள். நானும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

அன்று பிரேக் ஆறி வண்டி கிளம்பும் முன், அப்பா என்னை அம்மா மடியிலிருந்து தூக்கிப் பின்சீட்டில், லீவர் எட்டாத ஜன்னலோரம் உட்காரவைத்தார். முகத்தில் காற்று அடித்தது. பாவம் அப்பா, தன் கைதான் பட்டது என்று நம்பிக்கொண்டிருக்கிறாரே என்று வீடு வரும்வரை நினைத்துக்கொண்டே வந்தேன்.