கண்ணை அசைக்காத வேலை

1. பப்லு போனதும் நான் வந்ததும்

நான் வேலைக்குச் சேர்ந்தது வேன் ஓட்டத்தான். சிறு குழந்தைகளுக்குக் காது கேட்கிறதா என்று சோதிக்கும் அறக்கட்டளை ஒன்றின் வேன் அது. நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். புது ஆட்களிடம் பேசக் கூச்சம். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருக்கலாம் என்று நிம்மதியாக இருந்தேன்.

அப்போதுதான் திட்டத்தை விரிவாக்கினார்கள். அதுவரை ஆஸ்பத்திரியில் பிறந்த சிசுக்களுக்கு மட்டும்தான் சோதனை. அது சுலபம். பால் குடித்துவிட்டுத் தூங்கும் குழந்தையின் காதில் ப்ரோப் என்கிற சின்னக் குழாயை வைத்தால், மெஷின் ‘பாஸ்’ என்றோ ‘ரெஃபர்’ என்றோ சொல்லிவிடும். ரெஃபர் வந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம். இந்தச் சோதனை கிடைக்காமலே ஒன்று, இரண்டு வயதாகிவிட்ட குழந்தைகளை டெல்லியின் காலனிகளில் தேடிப் போவதுதான் புதுத் திட்டம். இந்த வயதுக்காரர்கள் ப்ரோப்பைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொள்வார்கள். அதனால் அவர்களுக்கு முதலில் விளையாட்டுச் சோதனை. ஒருவர் குழந்தைக்கு முன்னால் உட்கார்ந்து பொம்மை காட்ட வேண்டும். காதைச் சோதிக்கும் நிபுணரான ஆடியாலஜிஸ்ட் பின்னால் நின்று கிலுகிலுப்பையை ஆட்டுவார். குழந்தை திரும்பினால் கேட்கிறது என்று அர்த்தம்.

முன்னால் உட்கார பப்லு என்ற டெல்லிப் பையனைப் போட்டிருந்தார்கள். ஆடுவான், பாடுவான், குரங்கு மாதிரி முகம் காட்டுவான். அவன் உட்கார்ந்தால் எல்லாக் குழந்தையும் பாஸ். எங்கள் ஆடியாலஜிஸ்ட் ஜெசிந்தா மேடம் நாகர்கோவில்காரர். அவருக்குச் சந்தேகம் வந்தது. ஒருநாள் உள்ளே மணியே இல்லாத கிலுகிலுப்பையை ஆட்டினார். குழந்தை டக்கென்று திரும்பியது. காரணம் பப்லுவின் கண். மேடத்தின் கை அசைந்ததும் அவன் அங்கே பார்ப்பான். அவன் எங்கே பார்க்கிறான் என்று குழந்தையும் பார்க்கும்.

பப்லுவை முகாமுக்கு மைக்கில் ஆள் கூப்பிட அனுப்பிவிட்டு, மேடம் வேனுக்கு வந்தார்.

“அண்ணே, நீங்க யாரு மூஞ்சியையும் நிமிந்து பாக்க மாட்டீங்கல்லா?”

“ஆமா மேடம்...” தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

“அது போதும். உள்ள வாங்க.”

2. தூக்கம்

பொம்மையை மெதுவாகச் சுற்ற வேண்டும், பின்னால் கிலுகிலுப்பை ஒலிப்பதற்கு முன் அதை உள்ளங்கையால் மூட வேண்டும், பார்வை நம் கையிலேயே இருக்க வேண்டும். இவ்வளவுதான் எனக்குச் சொல்லித்தந்தது. அத்தனை அம்மாக்களுக்கு முன்னால் சக்கரம் வைத்த மரவாத்தை ஆட்ட எனக்கு வியர்த்துக் கொட்டியது. வாத்தை ரொம்பவே மெதுவாகச் சுற்றிவிட்டேன் போல. முதல் குழந்தை கொட்டாவி விட்டு அம்மா மடியில் சாய்ந்துவிட்டது.

“அண்ணே, நான் தூங்க வைக்கவா சொன்னேன்?” என்றார் மேடம்.

போகப் போகப் பழகிவிட்டது.

3. தட்டும் கரண்டியும்

டெல்லி மயூர் விஹாரில் ஒரு குடியிருப்பின் ஹாலில் முகாம். கோயம்புத்தூர்க் குடும்பம் ஒன்று ஒன்றரை வயது இனியனைக் கொண்டுவந்தது. இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையாம். அவன் அப்பாவும் அம்மாவும் தயங்கித் தயங்கி நிற்க, பெரியப்பா மட்டும் எவர்சில்வர் தட்டும் கரண்டியுமாக முன்னால் வந்தார்.

“ஏனுங் மேடம், எங்க பையனுக்குக் காதெல்லாம் பிரமாதமுங்க. எங்க வம்சமே பேச்சு லேட்டுங்க. இத பாருங்!”

பின்னால் நின்று ஓங்கித் தட்டினார். குடும்பமே திரும்பிப் பார்த்தது. இனியனும் பார்த்தான். எல்லாரும் கை தட்டினார்கள். அவனும் தட்டினான்.

மேடம் அம்மாவையும் குழந்தையையும் வைத்துக்கொண்டு மற்றவர்களை வெளியே அனுப்பினார். அம்மா இனியனை மடியில் வைத்துக்கொள்ள, நான் முன்னால் உட்கார்ந்தேன். கிலுகிலுப்பை ஒலித்தது. இனியன் திரும்பினான்.

“அக்கா, சத்தம் கேட்டதும் தொடைய ஆட்டுதீங்க” என்றார் மேடம்.

“ஐயோ, எனக்குத் தெரியாமயே ஆடுதுங்க!”

கிலுகிலுப்பை கேட்காதபடி அம்மாவுக்கு ஹெட்ஃபோன் மாட்டிப் பாட்டுப் போட்டோம். “பாட்டு நல்லா இருக்குதுங்க!” என்று ஹாலே அதிரக் கத்தினார். அவர் மடியிலேயே இருந்த இனியன் அதற்கும் அசையவில்லை. அப்புறம் கிலுகிலுப்பை. திரும்பவில்லை. இன்னும் பலமாக. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு மேடத்தைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. பார்த்தால் அவனும் பார்ப்பான். அவன் வீட்டாரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போய்விடுவார்கள். வாத்தைப் பிடித்தபடி அப்படியே இருந்தேன்.

திடீரென்று அவன் தலை திரும்பியது. ஆனால் மேடம் இருந்த பக்கம் அல்ல. கதவுக் கண்ணாடிக்கு வெளியே பெரியப்பா, “திரும்புடா கண்ணு, திரும்பு” என்று இரண்டு கையாலும் டிராஃபிக் போலீஸ் மாதிரி காட்டிக்கொண்டிருந்தார்.

மேடம் கதவைத் திறந்தார். “எல்லாரும் உள்ள வாங்க. பெரியப்பா, நீங்களே தட்டுங்க. மத்தவங்க இந்த அண்ணன மாதிரி தரைய மட்டும் பாருங்க.”

இனியனை ஜமுக்காளத்தில் உட்காரவைத்தோம். எல்லாரும் குனிந்துகொண்டார்கள். பெரியப்பா பின்னால் போய்த் தட்டினார். என் பல்வரைக்கும் கூசியது. நான் இமைக்கவில்லை. இனியன் வாத்தின் சக்கரத்தை விரலால் உருட்டிக்கொண்டிருந்தான். பெரியப்பா மறுபடி தட்டினார். சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். “அப்ப இத்தன நாளா நாங்கதான் அவனுக்குக் காதா இருந்தோமுங்களா?”

“ஆமாங்க. நல்லாத்தான் இருந்திருக்கீங்க” என்றார் மேடம். “ஆனா பேச்சு வரணும்னா அவன் காதுலதான் விழணும். இது முடிவில்ல. தூங்கட்டும், மெஷின் வச்சுப் பாப்போம்.”

தூங்கினான். இரண்டு காதும் ரெஃபர். அம்மா அழுதார். அப்பா, “அடுத்து எங்க போகணும்?” என்று மட்டும் கேட்டார். பெரிய ஆஸ்பத்திரிக்கு அன்றே நான்தான் வேனில் கூட்டிப்போனேன். பெரியப்பா வழி முழுக்கத் தட்டையும் கரண்டியையும் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

4. நான் கற்றது

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். குழந்தை திரும்பியதும் ‘பாஸ்’ என்று சொல்லிவிடாதீர்கள். எதைப் பார்த்துத் திரும்பியது என்று பாருங்கள். அன்பாக இருக்கும் வீட்டில்தான் இது ரொம்பக் கஷ்டம். அங்கே எல்லாரும் குழந்தைக்கு விடை சொல்லிக்கொண்டே இருப்பார்கள்.

இனியனுக்குக் காது கேட்கும் மெஷின் மாட்டிய அன்று மேடத்துக்கு போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார். பின்னால் குழந்தை வீறிட்டு அழும் சத்தம்.

“என்னங்க ஆச்சு?” என்று மேடம் பதறினார்.

“அழறானுங் மேடம்!” பெரியப்பா கூத்தாடினார். “நான் பேசினா அழறான், நிறுத்தினா நிறுத்தறான். நல்லாக் கேளுங்க, மறுபடி பேசறேன்!”

“பேசாதீங்க பெரியப்பா, பையன் பயப்படுதான்” என்றார் மேடம். அந்த மனிதர் கேட்டால்தானே.

பேசிக்கொண்டே இருந்தார்.