வெள்ளைக் கதிர்கள்

1. அம்மா வீட்டு வேலைக்குக் குவைத் போனார்.
2. தோட்டத்து லய வீட்டுக்குப் பின்னால் அவர் விதைத்துவிட்டுப் போன குரக்கனை, அதாவது கேழ்வரகை, அப்பாவும் நானும் அறுத்தோம்.
3. விதைக்கான கதிர்களைத் தெரிந்தெடுக்கும் வேலை எனக்கு வந்தது. எனக்கு ஒன்பது வயது.
4. அடுத்த போகத்தில் ஒரு பிடி குரக்கன்கூடத் தேறவில்லை.

நடந்தது இவ்வளவுதான். ஆனால் பல வருடங்களாக ஐந்தாவதாக ஒன்றையும் மனதில் சேர்த்து வைத்திருந்தேன்: அதனால்தான் அம்மா வரவில்லை.

அம்மா பேசி அனுப்பிய கசெட்டை அப்பா ஞாயிறுதோறும் போடுவார். "பாப்பா, ரெண்டே வருசந்தான். நா வந்ததும் நம்ம குரக்கன்ல களி கிண்டுவோம். வெத பத்தரம்," என்று அதில் அம்மா சொல்வார். அதனால் கதிர்களை ஒவ்வொன்றாகக் கசக்கிப் பார்த்தேன். பெரும்பாலானவற்றில் மணி கருஞ்சிவப்பு. சிலவற்றில் மட்டும் வெளுப்பு.

பக்கத்துக் காம்பராவிலிருந்து அத்தை எட்டிப் பார்த்தார்.

"அடியே, வெள்ளைய எடு. ஒங்கம்மா பாஸ்மதி சோறு தின்னு பழகிட்டு வருவா. இந்தக் கருப்புக் களியக் குடுத்தா ஒன் மூஞ்சிலதான் வீசுவா."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெள்ளைக் கதிர்களை மட்டும் அம்மாவின் பழைய சேலைத் துண்டில் முடிந்து வைத்தேன். மற்றதெல்லாம் ரொட்டியாகித் தீர்ந்தது.

அடுத்த முறை பயிர் இடுப்பளவு வளர்ந்தது. கதிர் விட்ட நேரத்தில் எங்கள் றக்வானப் பக்கத்து மழை நிற்கவேயில்லை. கதிர்களின் கழுத்து கருத்து ஒடிந்தது. அப்பா ஒன்றைக் கசக்கி ஊதினார். உமி பறந்தது, உள்ளங்கையில் ஒன்றும் இல்லை.

"மழ கூடிப்போச்சு, பாப்பா," என்றார். அவர் சட்டைப் பையில் ஒரு விமானக் கடிதம் நனைந்துகொண்டிருந்தது.

அன்று பின்னேரம் அம்மாவுக்கு அனுப்பும் கசெட்டில் பேசினேன். "குரக்கன் நல்லா இருக்கும்மா. நீங்க வாங்க." அப்பா பொத்தானை அமத்தினார்.

இரண்டு வருடம் முடிந்தும் அம்மா வரவில்லை. பொய்யைக் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன்.

இப்போது விதை ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்கிறேன். குரக்கன் மணியின் தோலுக்கு அந்தக் கருஞ்சிவப்பைத் தருபவை டனின் போன்ற பீனோல் சேர்வைகள். மழையில் கதிரைக் கருக்கும் பூஞ்சணத்தை எதிர்த்து நிற்க உதவுபவையும் அவைதான். வெள்ளை மணியில் அவை மிகக் குறைவு. நான் ரொட்டிக்குக் கொடுத்தது கருஞ்சிவப்பு மணிகளைத்தான்.

அம்மாவின் அந்த விமானக் கடிதத்தில் இருந்ததை அப்பா பல வருடங்களுக்குப் பிறகுதான் சொன்னார். மேலும் இரண்டு வருட வேலை ஒப்பந்தத்தில் அம்மா கையெழுத்துப் போட்டிருந்தார், குரக்கன் கருகுவதற்கு முன்பே.

ஐந்தாவதை அடித்துவிட்டேன். அம்மா இன்னும் குவைத்தில்தான் இருக்கிறார். அந்த விதை எங்களிடம் இல்லை.