சந்தனம் வைத்த ஆசிலேட்டர்

போன வாரம் தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் நின்றிருந்தேன். சால்டரிங் புகை மூக்கில் ஏறியதும் உள்ளங்கை வேர்த்துவிட்டது. சிரிக்காதீர்கள். அந்த வாசனை என்றாலே எனக்கு இன்ஜினீயரிங் கடைசி வருஷ வைவாதான்.

நானும் காரிமங்கலத்து சுமதியும் சேர்ந்து செய்த ப்ராஜெக்ட், ஓர் ஆசிலேட்டர் சர்க்யூட். வயர்லெஸ் கருவி எந்த அலைவரிசையில் பேச வேண்டுமோ, அந்த அலையை ஆடாமல் அசையாமல் உண்டாக்கித் தருவது அதன் வேலை. எங்களுடையது மூன்று பேண்டுக்கு, அதாவது மூன்று அலைவரிசைத் தொகுதிக்கு மாறும், இரைச்சலும் குறைவு. அளக்கிற கருவியின் ஸ்கிரீனில் கோடு ஊசி மாதிரி நிற்க வேண்டும், ஓரத்தில் புல் முளைக்கக் கூடாது. ஊத்திக்கொண்டால் எனக்கு வீட்டில் திட்டு விழும், அவ்வளவுதான். சுமதிக்கு அப்படியில்லை. பெங்களூரில் வேலை கிடைத்திருந்தது. "பாஸானா போ. இல்லன்னா மாப்ள வூட்டுக்குச் சரின்னு சொல்லிடுவேன்" என்று அவள் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்.

வைவா அன்று காலை, அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்த சர்க்யூட் டப்பாவை மாட்டினால் கோடு நிற்கவே இல்லை. நகர்ந்துகொண்டே போகிறது, ஓரமெல்லாம் புல். முந்தின நாள் நன்றாக ஓடியதுதானே! மூடியைத் திறந்தேன். கம்பியைச் சுற்றிய காயிலின் மேல் ஈரச் சந்தனம், நடுவில் குங்குமம்.

"எங்கம்மாதான். புது வண்டிக்கு வெக்கிற மாதிரி வெச்சிருக்காங்க" என்றாள் சுமதி. அம்மாவோ வெளியே புங்கமரத்தடியில் காத்துக்கொண்டிருந்தார்.

காயிலில் ஈரம் பட்டால் அலை நகரத்தான் செய்யும். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தோம். எக்ஸாமினர் வந்தேவிட்டார். முதல் பேண்டு நின்றது. இரண்டாவதும் நின்றது. மூன்றாவதுக்கு மாற்றும்போது சுமதி கண்ணை மூடிக்கொண்டாள். கோடு ஒரு ஆட்டம் ஆடியது. பாவி, அப்புறம் நின்றது.

வெளியே வந்ததும், "பாத்தியா, நான் பொட்டு வெச்சு அனுப்புனது வீண் போவல" என்றார் அம்மா.

"ஆமாம்மா" என்றாள் சுமதி, என்னை முறைத்தபடி. சந்தனம் ஒட்டிய பஞ்சை நான் பைக்குள் தள்ளினேன். ரிசல்ட் வந்த கையோடு பெங்களூருக்குப் போய்விட்டாள்.

பிள்ளைகள் சேராமல் அந்தக் காலேஜை மூடிவிட்டார்கள். லேப் இருந்த கட்டிடம் இப்போது கல்யாண மண்டபம். சமீபத்தில் ஒரு கல்யாணத்துக்கு அங்கே போனேன். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பெண்ணின் சித்தி.

"பொண்ணு என்ன படிச்சிருக்குதுங்க?" என்று கேட்டேன்.

"இன்ஜினீயரிங்குங்க. இன்னும் ஒரு வருசம் இருந்துச்சு. நல்ல எடமா வந்துச்சு, நிறுத்திட்டாங்க."

மேடையில் அந்தப் பெண் போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தது. இதே கட்டிடத்தில்தான் அன்று சுமதி கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.