தஞ்சாவூர் வரை ஒரு மூச்சு

போன வாரம் எங்கள் தெருவில் ஐஸ் வண்டிக்காரர் ஒருவர் ரப்பர் ஹாரனை அமுக்கிக்கொண்டே போனார். குழந்தைகள் ஓடின. எனக்கோ வலது கட்டைவிரல் வலித்தது. சிரிக்காதீர்கள். ஏறக்குறைய இருபது வருஷம் ஆகிறது, அந்த விரல் மட்டும் எதையும் மறக்க மாட்டேன் என்கிறது.

எம்.பி.பி.எஸ். முடித்த கையோடு காரைக்காலில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தேன். டீக்கடைக்குப் போகும்போதுகூட ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றாத வயது. அப்படியும் யாரும் நம்பவில்லை. கையில் தூண்டில் முள் ஏறி காரைக்கால்மேட்டிலிருந்து வந்த ஒருவர், என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "டாக்டர் எப்பங்க வருவாரு?" என்று என்னிடமே கேட்டார். சனிக்கிழமையானால் திருநள்ளாற்றில் பட்டினியோடு வரிசையில் நின்று மயங்கியவர்கள் வருவார்கள். அவர்களுக்குக் குளுக்கோஸ் ஏற்றி ஏற்றி, உலகத்து நோய்களுக்கெல்லாம் வெறும் வயிறுதான் காரணம் என்ற முடிவுக்கு வந்திருந்தேன்.

அந்த முடிவோடு இருந்தபோதுதான் ஒரு காலையில் நெடுங்காட்டிலிருந்து மல்லிகா வந்தார். நடவு வேலை செய்கிறவர், முப்பது வயதிருக்கும். கூட வந்தது அவருடைய நாத்தனார் ராணி.

"விடியக்காலைலேருந்து வவுறு வலிக்குது டாக்டர். கண்ணு வேற சொருகுது."

"சரியா தூங்கலையா?"

"நல்லாத்தான் தூங்குனேன்."

"காலையில சாப்பிட்டீங்களா?"

இல்லை என்றார். போதாதா எனக்கு? காலை உணவின் அவசியம் பற்றிச் சின்னச் சொற்பொழிவு ஒன்று செய்தேன். நான் அன்று ஒரு பிஸ்கட்கூடத் தின்றிருக்கவில்லை என்பது வேறு விஷயம். அமிலத்துக்கு ஓர் ஊசி போட்டு, வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னேன்.

அரைமணி நேரம் கழித்து ராணி ஓடி வந்தார். "டாக்டர், அண்ணி கண்ணையே தொறக்க மாட்டேங்குது. பேச்சு கொழறுது."

போய்ப் பார்த்தேன். இரண்டு இமைகளும் பாதிக்கு மேல் இறங்கியிருந்தன. தலையைத் தூக்க முடியவில்லை. "ராத்திரி எங்க படுத்திருந்தாங்க?" என்று கேட்டேன். "தரையிலதான்" என்றார் ராணி. அப்போதுதான் உறைத்தது: கட்டுவிரியன். தூக்கத்தில் கடித்தால் வலிக்காது, பல் பட்ட தடமும் பல சமயம் தெரியாது. பரீட்சையில் இதை இரண்டு பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான்.

என்னோடு வேலைக்குச் சேர்ந்த டாக்டர் நஸீமா, உள்ளூர்க்காரி, ஒரு கேள்வியும் கேட்காமல் விஷமுறிவு மருந்தை ஏற்றத் தொடங்கினாள். அது ஏறிக்கொண்டிருக்கும்போதே மல்லிகாவுக்கு மூச்சு தளர்ந்தது. மயக்க மருந்து டாக்டர் வந்து தொண்டையில் குழாய் இறக்கினார். அங்கே இருந்த ஒரே வென்டிலேட்டரில் வேறொருவர் இருந்தார். தஞ்சாவூருக்குத்தான் கொண்டுபோக வேண்டும். அதுவரை குழாயின் முனையில் ரப்பர் பையை மாட்டி, யாராவது கையால் அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு அமுக்கு, ஒரு மூச்சு.

"நீ போ. இங்க நான் பாத்துக்கறேன்" என்றாள் நஸீமா.

ஆம்புலன்ஸில் நாங்கள் மூன்று பேர். திருவாரூர் தாண்டுவதற்குள் என் கட்டைவிரல் மரத்துவிட்டது. வண்டி குலுங்கும்போதெல்லாம் குழாய் நழுவிவிடுமோ என்று இடது கையால் பிடித்துக்கொண்டேன். ராணி ஒரே ஒரு முறை கேட்டார்: "பொழச்சுக்குமா டாக்டர்?"

புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை. "தெரியலீங்க" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "வந்தவுடனேயே நான் கண்டுபிடிச்சிருக்கணும். வெறும் வயித்து வலின்னு நெனச்சிட்டேன். தப்பு என்னோடதுதான்." சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.

ராணி என்னைத் திட்டவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. கையை நீட்டினார். "வுடுங்க, நான் அமுக்குறேன். வெரலு செவந்து போச்சு பாருங்க." நான் எண்ண எண்ண, தஞ்சாவூர் வரும்வரை மாற்றி மாற்றி அமுக்கினோம்.

அங்கே வென்டிலேட்டரில் சேர்த்துவிட்டுத் திரும்பினேன். அடுத்த சில நாட்கள் வயிற்று வலி என்று யார் வந்தாலும் இமையைத் தூக்கிப் பார்த்தேன். நஸீமா சிரித்தாள், ஆனால் தடுக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, கரகரத்த குரலில் ஒரு பெண் என் மேஜைமுன் நின்று, "நாந்தாங்க டாக்டர், மல்லிகா" என்றார். கண்கள் நன்றாகத் திறந்திருந்ததால் அவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"வண்டியில நீங்க பேசுனதெல்லாம் காதுல வுழுந்துச்சு."

அந்த விஷத்தில் உடம்புதான் அசையாது, நினைவு இருக்கலாம் என்பதையும் நான் பரீட்சையில் எழுதியிருந்தேன்.

"கையி அசையல, கண்ணு தொறக்கல. செத்துட்டேன்னே நெனச்சேன். பொழைக்குமான்னு ராணி கேட்டுச்சு, நீங்க தெரியலன்னு சொன்னீங்க. அப்பத்தான், அட, இன்னும் சாவலன்னு தெரிஞ்சுது." சொல்லிவிட்டுச் சிரித்தார். பக்கத்தில் ராணியும் சிரித்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது, "காலையில சாப்ட்டுட்டுத்தான் வந்தேன்" என்றார் மல்லிகா.

நஸீமா இப்போது துபாயில். நான் வேறு ஊரில், வென்டிலேட்டர்கள் வரிசையாக நிற்கும் இடத்தில் இருக்கிறேன். ஆம்புலன்ஸில் பயிற்சி பெற்றவர்கள் வருகிறார்கள். உறவினர் யாரும் கையால் மூச்சுக் கொடுக்க வேண்டியதில்லை. அவர்களைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே உட்கார வைத்துவிடுகிறோம். அது நல்லதுதான், அந்தக் காலம் திரும்பி வர வேண்டாம். ஆனால் சாயங்காலம் கதவைத் திறந்து வெளியே வந்து நிலைமையைச் சொல்லும்போது, எதிரில் நிற்பவரின் பெயர் என்ன என்று எனக்குத் தெரிவதில்லை.